பதிவேட்டில் கதை எழுதாதீர்கள்

“லாக்தானே, படிச்சா புரியற மாதிரி ஒரு வரி போட்டுட்டா போதும்.” மென்பொருள் நிறுவனங்களில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு மூத்தவர்கள் சொல்லிக்கொடுக்கும் முதல் சில பாடங்களில் இதுவும் ஒன்று. சொல்பவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். அவருக்கும் யாரோ ஒருவர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார். ஆனாலும் இந்த நம்பிக்கை தவறு. நள்ளிரவில் உட்கார்ந்து கோளாறு தேடும் பொறியாளர்களின் தூக்கத்தையும், வாடிக்கையாளரின் பணத்தையும், சில நேரங்களில் நிறுவனத்தின் எதிர்காலத்தையும் பலிவாங்குகிற தவறு.

ஒரு மென்பொருள் ஓடும்போது தான் செய்வதை வரிசையாகக் குறித்துக்கொண்டே போகும் பதிவுதான் லாக். யார் உள்ளே வந்தார், எந்தக் கோரிக்கைக்கு எத்தனை விநாடி ஆனது, எந்த வங்கி பதில் தரவில்லை என்பதெல்லாம் அதில் விழும். 1980களில் எரிக் ஆல்மன் பெர்க்லியில் சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளோடு சேர்த்து சிஸ்லாக் என்ற பதிவு முறையை உருவாக்கியபோது, நிரலைக் கவனித்துக்கொள்கிறவரே பதிவையும் திறந்து படித்தார். அந்த ஏற்பாடு அந்தக் காலத்துக்குச் சரி. இன்று ஒரு நடுத்தரச் செயலிகூடப் பத்து இருபது சேவைகளாகப் பிரிந்து, பல சர்வர்களில் ஓடி, நாள் முழுக்கப் பதிவுகளைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. அவற்றை முதலில் படிப்பது மனிதர் இல்லை. சேகரிக்கும் நிரல் படிக்கிறது. எச்சரிக்கை விதி படிக்கிறது. ஊடுருவலைத் தேடும் பாதுகாப்புக் கருவி படிக்கிறது. இவையெல்லாம் சலித்துக் கொடுத்த பிறகு, மிஞ்சிய சில வரிகளைத்தான் மனிதர் பார்க்கிறார்.

முதல் வாசகர் யார் என்பதை மறந்தால் என்ன ஆகும்? 2012 ஆகஸ்ட் 1ஆம் தேதி அமெரிக்காவில் நடந்ததைப் பார்க்கலாம். நைட் கேப்பிட்டல் அந்நாட்டுப் பங்குச்சந்தையின் பெரிய வர்த்தக நிறுவனங்களில் ஒன்று. பங்குக் கட்டளைகளை அனுப்பும் அதன் எட்டு சர்வர்களில் ஏழில் மட்டும் புதிய நிரல் ஏற்றப்பட்டிருந்தது. எட்டாவது விடுபட்டுப்போனது, அதில் ‘பவர் பெக்’ என்ற பழைய, கைவிடப்பட்ட நிரல்துண்டு அப்படியே கிடந்தது. அன்று காலை 8:01 மணி தொடங்கி, சந்தை திறக்கும் 9:30க்குள், நிறுவனத்தின் உள் அமைப்பு ஒன்று ஊழியர் குழுவுக்கு 97 மின்னஞ்சல்களைத் தானாக அனுப்பியது. ஒவ்வொன்றிலும் பவர் பெக் பற்றிய பிழை பெயரோடு எழுதப்பட்டிருந்தது. எஸ்இசி எனப்படும் பங்குச்சந்தை ஒழுங்காணையம் 2013 அக்டோபரில் பிறப்பித்த ஆணை நடந்ததைத் தெளிவாகச் சொல்கிறது: அந்தச் செய்திகள் எச்சரிக்கைகளாக வடிவமைக்கப்பட்டவை அல்ல, வந்தவுடன் அவற்றைப் பார்க்கும் வழக்கமும் ஊழியர்களிடம் இல்லை. சந்தை திறந்தது. சுமார் 45 நிமிடங்களில் 154 நிறுவனப் பங்குகளில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வர்த்தகங்கள் நடந்துமுடிந்தன. நட்டம் 46 கோடி டாலருக்கு மேல்.

மூல காரணம் நிரல் ஏற்றியதில் நேர்ந்த பிழைதான், அதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பிழையை இயந்திரமே கண்டுபிடித்து, சந்தை திறப்பதற்கு முன்பே 97 முறை சொல்லியும் இருக்கிறது. சொன்னது மனிதர் படிக்கும் வடிவில் இருந்தது. படிக்க மனிதர் இல்லை. அந்தப் பிழைக்கு ஒரு நிலையான பெயரும் ஒரு தீவிர நிலையும் தனித்தனியே இருந்து, ஒரு விதி அவற்றை எண்ணிக்கொண்டிருந்தால், ஐந்தாவது செய்திக்கே யாருடைய போனாவது அலறியிருக்கும்.

இனி ஒரு லாக் வரியைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். பேருந்து டிக்கெட் விற்கும் செயலி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு முந்தைய வாரம். பணம் கட்டும் இடத்தில் கோளாறு. லாக்கில் விழுந்த வரி இது: ‘குமார் என்பவரின் ரூ. 1,250 கட்டணம் 3 முறை முயன்றும் தோற்றது.’ படித்தால் நன்றாகப் புரிகிறது. இப்போது மேலாளர் கேட்கிறார்: “காலை 10 மணியிலிருந்து ஆயிரம் ரூபாய்க்கு மேல் எத்தனை கட்டணம் தோற்றது? எல்லாம் ஒரே வங்கியா?” இந்த வரியிலிருந்து பதில் எடுக்க வேண்டுமானால், வாக்கியத்தை மறுபடி உடைக்கும் ரெகெக்ஸ் என்ற தேடல் வாய்பாடு ஒன்று எழுத வேண்டும். அது 1,250இல் உள்ள காற்புள்ளியில் தடுக்கி விழும். ஒரு ரூபாய் என்று படிக்கும். காற்புள்ளியைச் சமாளித்தால், வேறொரு சேவையில் வேறொருவர் ‘பணம் செலுத்த இயலவில்லை’ என்று எழுதியிருப்பார். வங்கியின் பெயரோ எந்த வரியிலும் இல்லை. நிரலின் கையில் அது இருந்தது. எழுதியவர் வாக்கியத்தில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

அதே நிகழ்வை இப்படியும் எழுதலாம். நிகழ்வு: கட்டணத்_தோல்வி. பயனர்_எண்: 48213. தொகை_பைசா: 125000. முயற்சி: 3. வங்கி_குறி: 17. காரணம்: நேரம்_கடந்தது. நேரம்: 2025-01-10 10:04:07.512 +05:30. ஒவ்வொரு மதிப்பும் தனக்கென ஒரு புலத்தில், தன் வகையோடு உட்கார்ந்திருக்கிறது: எண் எண்ணாக, நேரம் நேரமாக. மேலாளரின் கேள்விக்குப் பதில் ஒற்றை வினவலில் வந்துவிடும். இதைத்தான் கட்டமைப்புள்ள லாக் என்கிறார்கள். ஜேசன் என்ற எழுத்து வடிவில், ஒரு நிகழ்வுக்கு ஒரு வரி என்று எழுதுவதே பரவலான வழக்கம்.

தமிழ்ப் பெயர்கள் புழங்கும் இடத்தில் ரெகெக்ஸின் பாடு இன்னும் மோசம். பைத்தான் மொழியின் வழக்கமான ரெகெக்ஸ் நூலகத்தில், சொல்லின் எழுத்துகளைப் பொறுக்குவதற்கென்று ஒரு குறி உண்டு. அது தமிழின் துணைக்குறிகளையும் மெய்யின் புள்ளியையும் எழுத்தாகவே மதிப்பதில்லை. ‘குமார்’ என்ற பெயரை அதனிடம் கொடுத்தால் ‘க’வை மட்டும் எடுத்துக்கொண்டு நின்றுவிடும். முன்னெழுத்து, புள்ளி, இடைவெளி, அப்பா பெயர் என்று நீளும் நம் பெயர்கள் ஒரு பக்கம். ‘பயனர் பெயர் என்றால் இடைவெளி இல்லாத ஒற்றைச் சொல்’ என்று நினைத்து எழுதப்பட்ட ரெகெக்ஸ்கள் மறுபக்கம். ஜேசனில் இந்தத் தொல்லையே கிடையாது. சில நூலகங்கள் தமிழ் எழுத்தை எண்குறிகளாக மாற்றி எழுதும். எழுதினாலும் திரும்ப எடுக்கும்போது ஒரு புள்ளிகூடக் குறையாது.

தகவல் நிரலின் கையில் முழுதாக, பிரிந்து, பெயரோடு இருக்கிறது. அதை வாக்கியமாக ஒட்டிக் கலக்கிவிட்டு, பிறகு வேறொரு குழுவைக் கூலிக்கு அமர்த்திப் பிரிக்கச் சொல்வதுதான் இன்று பல இடங்களில் நடக்கும் நடைமுறை. இது வீண் உழைப்பு என்பதற்கு ஆராய்ச்சி உலகமே சாட்சி. 2009இல் பெர்க்லி ஆய்வாளர்கள், லாக் வாக்கியங்களில் எது மாறாத வார்ப்பு, எது மாறும் மதிப்பு என்று கண்டுபிடிக்க நிரலின் மூல வரிகளையே அலசும் முறை ஒன்றை வெளியிட்டார்கள். 2017இல் ‘ட்ரெய்ன்’ என்ற இன்னொரு முறை வந்தது. மூல நிரல் இல்லாமலேயே, வரிகள் வந்து விழ விழ வார்ப்பை ஊகிப்பது அது. எல்லாம் மதிக்கத்தக்க உழைப்பு. ஆனால் அத்தனை பேரும் தேடிய விடை, வரியை எழுதிய டெவலப்பருக்கு எழுதும்போதே தெரிந்திருந்தது.

நேரக் குறிப்பு தனிக் கதை. பழைய சிஸ்லாக் வழக்கத்தை 2001இல் ஆர்எஃப்சி 3164 என்ற ஆவணம் எழுத்தில் பதிவுசெய்தது. அதன்படி ஒரு வரியின் தொடக்கத்தில் மாதம், தேதி, மணி, நிமிடம், விநாடி இருக்கும். ஆண்டு கிடையாது. நேர மண்டலம் கிடையாது. சென்னையில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்க வாடிக்கையாளரின் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் எவருக்கும் இதன் வலி தெரியும்: ஒரு சர்வர் உலகப் பொது நேரத்தில் எழுதுகிறது, இன்னொன்று இந்திய நேரத்தில் எழுதுகிறது, இடையில் ஐந்தரை மணி நேரம். 03/04 என்பது மார்ச் 4ஆ, ஏப்ரல் 3ஆ என்பது எழுதியவர் எந்த ஊர்க்காரர் என்பதைப் பொறுத்தது. 2009 மார்ச்சில் வந்த ஆர்எஃப்சி 5424 ஆண்டையும் மண்டலத்தையும் கொண்ட முழு நேரக் குறிப்பைத் தந்தது. பெயரும் மதிப்புமாக எழுதும் இடத்தையும் தந்தது. அதற்குப் பிறகும் பல லினக்ஸ் விநியோகங்களில் பழைய வடிவமே இயல்புநிலையாக நெடுங்காலம் நீடித்தது. பழக்கத்தின் பிடி அப்படி.

பாதுகாப்பு என்று வரும்போது வாக்கிய லாக் வெறும் சிரமமாக நிற்பதில்லை, ஓட்டையாகவே மாறுகிறது. ஃபெயில்டுபேன், டினைஹோஸ்ட்ஸ் போன்ற கருவிகள் சர்வரின் லாக் வாக்கியங்களை ரெகெக்ஸால் படித்து, திரும்பத் திரும்பத் தவறான கடவுச்சொல் கொடுக்கும் முகவரிகளைத் தடுப்பவை. 2007இல் இவற்றில் ஒரு குறை வெளியானது. எஸ்எஸ்ஹெச் என்ற தொலை இணைப்பு வழியாக சர்வரில் இணைகிறவர் தன் மென்பொருளின் பதிப்பைச் சொல்லும் இடத்தில் வேறொருவரின் ஐபி முகவரியை எழுதி அனுப்பினால், அது அப்படியே லாக் வாக்கியத்துக்குள் போய் உட்காரும். கருவி அதைப் படித்துவிட்டு, ஒரு குற்றமும் செய்யாத அந்த முகவரியைத் தடுத்துவிடும். காவலுக்கு வைத்த கருவியைக் கொண்டே வீட்டுக்காரரை வெளியே நிறுத்த முடிந்தது. வெளியாள் கொடுத்த எழுத்தும் நிரல் எழுதிய எழுத்தும் ஒரே வாக்கியத்தில் வேலி இல்லாமல் கலந்ததுதான் காரணம். பயனர் பெயருக்குள் ஒரு வரி முறிவைச் செருகி, நடக்காத நிகழ்வை நடந்ததுபோல் லாக்கில் எழுதிவிடும் தந்திரமும் இந்த வகைதான். முறையான ஜேசன் நூலகம் அந்த முறிவை மாற்றுக்குறியாக்கிவிடும். போலி வரி உருவாகாது.

2021 டிசம்பரில் உலகையே உலுக்கிய லாக்4ஷெல் ஓட்டையின் வேரிலும் இந்தக் கலப்பு உண்டு. ஜாவா உலகின் லாக்4ஜே 2 நூலகம், வார்ப்பையும் வெளியாள் கொடுத்த மதிப்பையும் ஒட்டிய பிறகு, அந்த முழு வரிக்குள்ளும் கட்டளைகளைத் தேடி நிறைவேற்றியது. தீவிர மதிப்பீட்டில் பத்துக்குப் பத்து பெற்ற ஓட்டை அது. கட்டமைப்புள்ள லாக் மட்டுமே அதைத் தடுத்திருக்கும் என்று சொல்ல முடியாது. எது தரவு, எது செய்தி என்ற எல்லை அழிந்த இடத்தில்தான் அது முளைத்தது என்று உறுதியாகச் சொல்லலாம்.

கடவுச்சொற்களின் கதையையும் சொல்லியாக வேண்டும். 2018 மே மாதம் ட்விட்டர் தன் 33 கோடிப் பயனர்களையும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டது. ஹாஷிங் எனப்படும் மறைப்பு முடிவதற்கு முன்பே கடவுச்சொற்கள் உள் லாக்கில் எழுதப்பட்டிருந்தன. 2019 மார்ச்சில் ஃபேஸ்புக், கோடிக்கணக்கானவர்களின் கடவுச்சொற்கள் தன் உள் அமைப்புகளில் படிக்கத்தக்க வடிவில் கிடந்ததை ஒப்புக்கொண்டது. அதற்காக அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 செப்டம்பரில் அதன் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 9.1 கோடி யூரோ அபராதம் விதித்தது. வாக்கியத்துக்குள் கரைந்துவிட்ட கடவுச்சொல்லை எந்த வடிகட்டியும் நிச்சயமாகக் கண்டுபிடிக்க முடியாது. பார்வைக்கு அது இன்னொரு சொல், அவ்வளவே. தனிப் புலமாக வந்தால், ‘இந்தப் பெயருள்ள புலங்கள் வெளியே போகக் கூடாது’ என்று ஒரே வாசலில் தடுக்கலாம். போன் எண், ஆதார் எண், நோயாளியின் விவரம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். மேலே சொன்ன டிக்கெட் செயலியின் இரண்டாவது பதிவில் குமாரின் பெயர் இல்லாமல் எண் மட்டும் இருப்பதும் இதனால்தான்.

எதிர்த்தரப்பின் வாதங்களைத் தட்டிக்கழிக்க வேண்டியதில்லை. “கிரெப் இருக்கிறதே” என்பார்கள். கென் தாம்ஸன் 1973 வாக்கில் தந்த அற்புதமான தேடல் கருவி அது. ஆனால் கிரெப் தேடிக் கொடுக்கும்; கூட்டாது, சராசரி பார்க்காது, ஒரு கோரிக்கை ஐந்து சேவைகள் வழியாகப் போன பாதையைக் கோத்துக் கொடுக்காது. அப்படிக் கோப்பதற்குத்தான் 2020இல் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு ஒவ்வொரு கோரிக்கையோடும் பயணிக்கும் தட எண்ணுக்கு ஒரு தரத்தை வகுத்தது. அந்த எண் லாக்கில் ஒரு புலமாக இருந்தால்தான் பயன். போதாததற்கு, ஒரு வரி ஜேசனிலும் கிரெப் வேலை செய்யும். 2011இல் லினக்ஸில் சிஸ்டம்டி ஜர்னல் இருமக் கோப்பாக அறிவிக்கப்பட்டபோது பலர் கொதித்தார்கள்; சாதாரணக் கருவியால் திறக்க முடியாத கோப்பு என்ற அவர்களின் கவலை நியாயமானது. கட்டமைப்பு வேண்டும் என்பதற்காக எழுத்து வடிவத்தைக் கைவிட வேண்டிய கட்டாயம் இல்லை.

“மனிதர் கண்ணுக்கு ஜேசன் கரடுமுரடு.” உண்மை. அதற்கான தீர்வும் கையிலேயே இருக்கிறது. கோ மொழியின் 1.21 பதிப்பு 2023 ஆகஸ்டில் எஸ்லாக் என்ற நூலகத்தை மொழியோடு சேர்த்தே தந்தது. எழுதும் வரி ஒன்றுதான். வெளியீட்டை ஜேசனாகவும் எடுக்கலாம், படிக்க எளிதான எழுத்து வடிவிலும் எடுக்கலாம். மடிக்கணினியில் ஒன்று, சர்வரில் மற்றொன்று. டாட்நெட்டில் செரிலாக் 2013இலிருந்தும், பைத்தானில் ஸ்ட்ரக்ட்லாக் ஏறத்தாழ அதே காலத்திலிருந்தும் இதைச் செய்துவருகின்றன. ஸ்பிரிங் பூட் 2024 நவம்பரில் வந்த 3.4 பதிப்பில் இதை உள்ளடக்கியே தந்துவிட்டது. வசதி இல்லை என்று சொல்லும் காலம் போய்விட்டது.

“இடம் அதிகம் பிடிக்கும்.” புலப் பெயர்கள் வரிக்கு வரி திரும்ப வருவதால் கோப்பு பெரிதாகும். திரும்ப வருவது எதுவோ அதுவே சுருக்கும்போது முதலில் மறைவதும்கூட. ஊபர் 2022இல் தன் லாக்குகளை சிஎல்பி என்ற கருவியால் 169 மடங்கு சுருக்கியதாக அறிவித்தது. அந்தக் கருவி செய்யும் அடிப்படை வேலை, வார்ப்பையும் மாறும் மதிப்பையும் தனித்தனியே பிரித்து வைப்பது.

இப்போது புதிதாகக் கிளம்பியிருக்கும் வாதம்: “ஏஐ எல்லா வாக்கியத்தையும் படித்துவிடும், இனி எதற்குப் புலங்கள்?” ஏஐ வாக்கியத்தைப் படிக்கும். எழுதப்படாத வங்கியின் பெயரை அதனால் படிக்க முடியாது. ஊகித்துச் சொன்னால் அது இன்னும் ஆபத்து. கோடி வரிகளில் எத்தனை தோல்வி என்பது எண்ணிச் சொல்ல வேண்டிய கணக்கு. ஏஐயும் அந்தக் கணக்கை ஒரு வினவலாக எழுதி இயந்திரத்திடம்தான் கேட்க வேண்டும். கேட்பதற்குப் புலம் வேண்டும்.

கட்டமைப்பு என்ற பெயரில் நடக்கும் ஏமாற்றையும் கண்டிக்க வேண்டும். பழைய வாக்கியத்தை அப்படியே ‘செய்தி’ என்ற ஒற்றைப் புலத்தில் திணித்து, சுற்றிலும் அடைப்புக்குறி போட்டு, “நாங்கள் ஜேசனுக்கு மாறிவிட்டோம்” என்கிறார்கள். ஒரு பயனும் இல்லை. ஒரு குழு பயனர்_எண் என்றும் இன்னொரு குழு யூசர்ஐடி என்றும் எழுதினாலும் பயன் இல்லை. ஒரே புலத்தில் இன்று எண்ணும் நாளை எழுத்தும் வந்தால் சிக்கல்: எலாஸ்டிக்சர்ச் போன்ற கிடங்கு, வகையை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் முதலில் வந்ததை வைத்து முடிவுசெய்துகொள்ளும், பிறகு எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து வந்தால் அந்தப் பதிவையே நிராகரித்துவிடும். கோளாறு நேரத்தில் தேவைப்படும் வரி அதுவாகவே இருக்கும். பெயர்களை ஒருமுறை உட்கார்ந்து முடிவுசெய்ய வேண்டும். அதற்கும் ஓப்பன்டெலிமெட்ரி திட்டம் ஒரு பொதுப் பெயர்ப்பட்டியலை வைத்திருக்கிறது. எல்லாவற்றையும் புதிதாகக் கண்டுபிடிக்கத் தேவையில்லை.

இது இந்திய நிறுவனங்களுக்கு இனி விருப்பத்தைப் பொறுத்த விஷயமும் இல்லை. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28ஆம் தேதி பிறப்பித்த வழிகாட்டுதல், கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாள் பாதுகாப்பாக வைத்திருக்கச் சொல்கிறது. சைபர் சம்பவம் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் அறிவிக்கச் சொல்கிறது. என்ஐசி அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரச் சேவையோடு கடிகாரங்களை ஒத்திசைக்கவும் சொல்கிறது. 180 நாள் வாக்கியங்களுக்குள் ஆறு மணி நேரத்தில் ஒரு ஊடுருவலின் தடத்தைத் தேடுவது எப்படி என்று ஒவ்வொரு நிறுவனமும் தன்னைக் கேட்டுக்கொள்ளட்டும்.

பொறியியல் கல்லூரிகளில் நிரல் கற்பிப்பவர்கள், அச்சிட்டுப் பார்க்கும் கட்டளையைச் சொல்லித்தரும் அதே வாரத்தில் இதையும் சொல்லித்தர வேண்டும். குழுத் தலைவர்கள் நாளைக்கே தொடங்கலாம். கோட் ரிவ்யூவில் மாறிகளை வாக்கியத்துக்குள் ஒட்டிய லாக் வரி வந்தால் ஏற்காதீர்கள், திருப்பி அனுப்புங்கள். நிகழ்வுக்கு ஒரு நிலையான பெயர், மாறும் மதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு புலம், மண்டலத்தோடு நேரம், ஒரு தட எண் — இந்த நான்கும் இருந்தால் மட்டும் அனுமதியுங்கள்.